பாவோ கலந்த பெட்ரோல்

பாவோ நவம்பர் மாதத்தில் என் அக்காவை விட்டுவிட்டுப் போனான். எஞ்சினை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் உடனே விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வேர்லெயைக் கால்வாய்க் கரையில் நடக்கக் கூட்டிப்போய், நமக்குள் ஒத்துவரவில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான். மூன்றரை வருஷப் பழக்கம். அவள் வீடு திரும்பி, இரண்டு பேருக்கு வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகத் தின்று முடித்து, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மாலை சரியாக ஏழு மணிக்கு, எப்போதும்போல, பாவோவின் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. காபிக் கோப்பையோடு இறங்கினான். நேராக கராஜுக்குள் போய், முந்தின சனிக்கிழமை எந்த இடத்தில் விட்டானோ அந்த இடத்திலிருந்து வெல்டிங் வைக்க ஆரம்பித்தான்.

அப்பா ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தாது அவனுக்கு," என்றார். இன்னொரு விளக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தார். எங்கள் மணல்காட்டு ஊர்களில் இதற்கு மேல் யாரும் எதையும் பேசித் தீர்ப்பதில்லை.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். மணலில் ஓட்டுவதற்கு. சட்டகம் ஒரு புது மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியுடையது. அதன் எஞ்சின் வெடித்துப் போனதால் மலிவாகக் கிடைத்தது. அதற்குள் நாங்கள் வைக்க நினைத்தது இருநூற்றைம்பது சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அது பாலன் ஊரில் ஒருவரிடமிருந்து நான்கு அட்டைப் பெட்டிகளில் வந்தது. எல்லாம் இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்தார். எல்லாம் இருந்தது, இரண்டு பாகங்கள் வேறொரு எஞ்சினுடையவை, அவ்வளவுதான். வேலைப் பங்கீடு இப்படி: பாவோ டிரெய்லர் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர், அதனால் இரும்பும் அலுமினியமும் அவனுடையவை. நான் டீபன்பேக் கல்லூரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டை இரண்டாம் முறை படிப்பவன், அதனால் கணக்குகள் என்னுடையவை. அப்பாவுக்கு ஒரு வேலையும் ஒதுக்கப்படவில்லை. அவர் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்ப்பார். ஓட்டப்போவது வேர்லெ.

இதில் எல்லாவற்றையும் பணயம் வைத்திருந்தவள் அந்த வேர்லெதான். எங்கள் கிளப் அணியில் சீசனுக்கு மூன்று இடம். மூன்றாவது இடம் இரண்டு வருஷம் முன்புவரை அவளுடையது. அப்போது ஓட்டின வண்டியில் பாய்ச்சலின் நடுவே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது; பின்சக்கரம் அப்படியே நின்றது; அவள் நிற்கவில்லை. காறை எலும்பு மூன்று துண்டு. அவள் கட்டுப்போட்டுக்கொண்டு கிடந்த சீசனில் அந்த இடத்தில் லாண்டர் உட்கார்ந்தான். இந்த வருஷம் கிளப்காரர்கள் நியாயமாக ஒரு முடிவு செய்திருந்தார்கள்: ஏப்ரல் மாத முதல் பந்தயத்தில் இருவரில் யார் முன்னால் வருகிறார்களோ அவருக்கு அந்த இடம். வேர்லெக்கு இருபத்தாறு வயது. வாரத்தில் ஐந்து நாள் சத்தமே வராத மின்சைக்கிளில் தபால் கொடுக்கிறாள். இந்தத் தடவை கிடைக்கவில்லையென்றால் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

லாண்டர் யார் என்று சொல்லவில்லையே. பாவோவின் சித்தி மகன்.

இனி என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவன் அக்காவை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனுடைய தம்பிமுறைக்காரன் அக்காவுக்குப் போட்டி. அந்த முதல் ஆள் வாரம் இரண்டு நாள் வந்து, அக்கா ஏறி உட்காரப்போகிற எஞ்சினைத் தனியாகக் கழற்றி மாட்டுகிறான். கூலி வாங்குவதில்லை. பியர்கூட ஒன்றுக்கு மேல் குடிப்பதில்லை. இப்படி ஒரு ஆளைச் சந்தேகப்படாமல் இருக்க நான் ஒன்றும் பாதிரியார் இல்லை.

டிசம்பர் முழுக்கக் கவனித்தேன். அவன் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். சிலிண்டரின் துளைகள் எந்த உயரத்தில் திறக்கின்றன என்று அளந்து பென்சிலில் எழுதிக்கொள்வான். போகும்போது நோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான். நான் உள்ளே வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைப்பான். ஜனவரியில் இரண்டு தடவை அவன் வேன் லாண்டர் வீட்டு வாசலில் நின்றது. சித்தி வீட்டுக்குப் போவது குற்றமில்லைதான். ஆனால் வியாழக்கிழமையில் யார் சித்தி வீட்டுக்குப் போகிறார்கள்?

கார்புரேட்டரில் ஒரு ஜெட் உண்டு, பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டை. ஓட்டை சிறிதானால் எஞ்சின் பட்டினியில் சூடேறி ஒட்டிக்கொள்ளும். பெரிதானால் எச்சில் விழுங்கி விழுங்கி மெதுவாக ஓடும். அவன் எதைப் போட்டிருக்கிறான் என்று ஒரு புதன்கிழமை திருட்டுத்தனமாகக் கழற்றிப் பார்த்தேன். என் கணக்கு சொன்னதைவிட இரண்டு அளவு பெரிது. சிறிதாக இருந்திருந்தால் அக்காவைக் கீழே தள்ளப் பார்க்கிறான் என்று முடிவு செய்திருப்பேன். பெரிதாக இருந்ததால் அக்காவை மெதுவாக்கப் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன். என் கணக்கு தப்பாக இருக்கலாம் என்ற மூன்றாவது வழியையும் பரிசீலித்தேன், நேர்மையாக. பிறகு விட்டுவிட்டேன்.

வேர்லெயிடம் சொன்னேன். அவள் தபால்காரச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் என்னை விட்டுட்டுப் போனப்போ ஒரு காரணம் கேட்டேன், சொல்லத் தெரியல," என்றாள். "எஞ்சினைக் கெடுக்கறதுக்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கும்னு நீ நினைக்கிறியா?"

"நினைக்கிறேன்."

"நானும் நினைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

பாவோவிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால் வெல்டிங்கை நிறுத்திவிட்டால்? சைலன்சர் குழாய் பாதியில் நின்றது. டூ ஸ்ட்ரோக்குக்கு அது வெறும் குழாயில்லை. வயிறு ஊதிச் சுருங்குகிற மாதிரி, தகட்டைக் கூம்பு கூம்பாக வெட்டிச் சுருட்டி ஒட்ட வேண்டும். பதினொரு கூம்பு. என் கணக்குப்படி வெட்டி, அவன் ஒட்டினான். அந்த ஒட்டு வேலையை அவன் செய்கிறபோது பார்த்தால் எவனும் கெட்டவனாக இருக்க முடியாது என்று தோன்றும். இதையும் நான் சந்தேகத்துக்குரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் இரண்டாம் வாரம் எஞ்சின் முதல் தடவை உயிர்பெற்றது. ஏழாவது உதையில். பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் அதற்குள்ளும் கேட்டது. பாவோ முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூன்றரை வருஷத்தில் அக்காவின் பிறந்தநாளுக்குக்கூட நான் பார்க்காத சிரிப்பு. வேர்லெயும் அதைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மூன்று மணிக்கு நான் கராஜுக்குள் போனபோது பாவோ ஐந்து லிட்டர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்துவிட வேண்டும். நாற்பது பங்குக்கு ஒரு பங்கு. ஐந்து லிட்டருக்கு ஒரு அளவுக் கோப்பை. மறந்துவிட்டால் வண்டி கிளம்பும், நன்றாகவே ஓடும், இரண்டோ மூன்றோ சுற்று. அப்புறம் காறை எலும்பு. கடைகளில் விற்கிற ஆயிலில் சிவப்போ பச்சையோ சாயம் இருக்கும். கலந்த பெட்ரோல் நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் எங்கள் ஆயில், மோல் நகரத்தில் மரம் அறுக்கும் ரம்பக் கடை ஒன்றை மூடியபோது அப்பா வாங்கிப்போட்ட பீப்பாய். தண்ணீர் மாதிரி இருக்கும். கேனுக்குள் எட்டிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அளவுக் கோப்பை மேஜைமேல் துடைத்து வைத்திருந்தது. சுத்தமாக. ஒரு சொட்டு இல்லை.

"கலந்தாச்சா?" என்று கேட்டேன், வானிலை விசாரிக்கிற குரலில்.

"கலந்தாச்சு."

"எவ்வளவு?"

"எவ்வளவு போடணுமோ அவ்வளவு." கைகளைத் துணியில் துடைத்தான். "ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவன் வேன் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்தேன். நான் பொறியியல் மாணவன். சந்தேகத்தைச் சோதனையால்தான் தீர்ப்பேன். கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் விட்டால் பெட்ரோல் காற்றில் போய்விடும், ஆயில் இருந்தால் கறை தங்கும். கைக்குக் கிடைத்த காகிதத்தில் விட்டேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். கறை தங்கியது. நிம்மதியாகக் காகிதத்தைத் திருப்பியபோதுதான் அது வெள்ளிக்கிழமை வறுவல் சுற்றி வந்த காகிதம் என்று தெரிந்தது. கறை ஆயிலாக இருக்கலாம். மயோனைசாகவும் இருக்கலாம்.

ஆகவே அறிவியல் கைவிட்ட நிலையில், ஒரு கோப்பை ஆயிலை அளந்து கேனில் ஊற்றினேன். குலுக்கினேன். கோப்பையைச் சுத்தமாகத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். ஆயில் கொஞ்சம் கூடினால் புகைதான் வரும், குறைந்தால் எலும்பு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் மக்காச்சோளக் காட்டில். விதைப்பதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் விவசாயி இடம் கொடுத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கே சாசேஜ் கருகுகிற வாசனை. முழங்கால் உயரத்துக்கு மணல் பறந்தது. எங்கள் கூடாரத்துக்கும் லாண்டர் கூடாரத்துக்கும் நடுவே இரண்டு கூடாரம் இருந்தன. பாவோ அந்த இரண்டு கூடாரங்களுக்கு முன்னால் எந்தப் பக்கமும் சாயாமல் நின்று காபி குடித்தான். லாண்டரின் அம்மா லுட்கார்ட் மடக்கு நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் நல்ல பெண்மணி. கையாட்டிவிட்டு எங்கள் வண்டியைப் பக்கத்து ஆளிடம் விசாரித்தாள்.

காலைப் பயிற்சிச் சுற்றுகளுக்கு டேங்கில் பழைய பெட்ரோல் மிச்சமிருந்தது. ஐந்து சுற்று. வண்டி கத்தின கத்தலில் சுற்றியிருந்த ஃபோர் ஸ்ட்ரோக்குகள் எல்லாம் சளி பிடித்தவை மாதிரி ஆகிவிட்டன. ஆட்கள் வேலியோரம் ஓடிவந்து பார்த்தார்கள். வேர்லெ ஹெல்மெட்டைக் கழற்றியபோது இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் சிவந்திருந்தது.

பந்தயம் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கு டேங்கைக் காலி செய்து, கேனிலிருந்த ஐந்து லிட்டரையும் ஊற்றினோம். ஒன்று முப்பத்தைந்துக்கு வேர்லெ உதைத்தாள்.

கிளம்பியது. ஆனால் அது கிளம்பிய விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. தொண்டையில் கஞ்சி அடைத்துக்கொண்டவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது, வந்துகொண்டே இருந்தது, பக்கத்துக் கூடாரம் தெரியாமல் போனது. அங்கிருந்து ஒருவர் இருமிக்கொண்டே, என்ன கருவாடு சுடுகிறீர்களா என்று கேட்டார். அப்புறம் எஞ்சின் நின்றது. பாவோ எஞ்சினில் தீப்பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினான். கறுப்பு ஈரம். புது பிளக் போட்டான். பத்து உதை, ஒரு இருமல், நின்றது. இன்னொன்று போட்டான். கடைசிப் பிளக். அதுவும் அப்படியே. சைலன்சர் நுனியிலிருந்து தார் மாதிரி ஒன்று மணலில் சொட்ட ஆரம்பித்தது.

நான் பாவோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, இதுதான் திட்டம் என்று நினைத்தேன். வேலையை முடித்துவிட்டான்.

பாவோ பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலிக் கேனை எடுத்து மோந்தான். அடியில் தங்கியிருந்ததில் விரலை விட்டு, கட்டைவிரலோடு தேய்த்தான். விரல்கள் பிரியவில்லை, ஒரு நூல் வந்தது.

"இதுல யாரு கை வெச்சது?" என்றான்.

அப்பா மக்காச்சோளம் இல்லாத மக்காச்சோளக் காட்டைப் பார்த்தார்.

"நான் ஒரு கோப்பை ஊத்தினேன்," என்றேன்.

"ஏன்?"

"நீ ஊத்தலையோன்னு."

"ஊத்திட்டேன்னு சொன்னேனே."

"சொன்ன."

வேர்லெ ஹெல்மெட் பட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "எத்தன மணிக்குடா ஊத்தின?" என்று என்னைக் கேட்டாள்.

"நேத்து. மூணரை."

"நான் ஆறு மணிக்கு ஊத்தினேன்." பிறகு பாவோவைப் பார்த்தாள். "ஒரு கோப்பை. உன்னை நம்பாம இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "நம்பாமத்தான்."

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"காலையில," என்றார். "முட்டை வேகற நேரத்துல."

"நீங்க யாரைச் சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரையும்."

பாவோ டேங்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தான். அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். கோப்பைக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ நாலரை," என்றான்.

"எப்படி நாலரை? உன்னோடது ஒண்ணு, எங்களோடது மூணு."

"என்னோடது ஒண்ணரை." என்னைப் பார்க்காமலே சொன்னான். "நாற்பதுக்கு ஒண்ணுங்கறது உன் கணக்குடா. எனக்கு உன் கணக்குமேல நம்பிக்கையில்ல."

மணி ஒன்று நாற்பத்தெட்டு.

வேர்லெ அழவில்லை, கத்தவுமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பாவோவுக்கு நேராக வந்து நின்றாள். நவம்பரிலிருந்து அவளிடம் பாக்கியிருந்த கேள்வி அது என்று நினைக்கிறேன். கேட்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது, அதனால்தான் கேட்டாளோ என்னவோ.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அஞ்சு மாசமா எதுக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டிருந்த?"

"வண்டி முடியல," என்றான் பாவோ.

"அவ்வளவுதானா?"

"எனக்கு மூணாவது மாடி வீடு, வேர்லெ. அங்க எங்க வெச்சு வெல்டிங் பண்றது?"

பொய்யாக இருந்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "சரி. வண்டிய முடி," என்றாள்.

வழி இருந்தது; அதை நான்தான் சொன்னேன். எங்களிடம் ஆயில் கூடின பெட்ரோல் இருக்கிறது. ஆயிலே இல்லாத வெறும் பெட்ரோல் நான்கு லிட்டர் கிடைத்தால், எங்களுடையதில் ஒரு லிட்டரை அதில் சேர்த்தால், ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள் எல்லாரும் வெறும் பெட்ரோல்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் பந்தயப் பிரிவுக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே ஸ்டார்ட் கேட்டுக்குப் போய்விட்டார்கள். போன வருஷம் யாரோ கேன்களைத் திருடியதிலிருந்து ஆளாளுக்கு வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பூட்டாமல் வெளியே நின்ற கேன் ஒன்றே ஒன்றுதான். காற்றில் நின்றால் மகனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்று கடைசி நிமிடம்வரை கூடாரத்தைவிட்டு அனுப்பாத லுட்கார்டின் கேன்.

பாவோ போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. லுட்கார்ட் எங்கள் பக்கம் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். லாண்டர் தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தான். நல்ல பையன், எனக்கு அவன்மேல் எப்போதும் சந்தேகம். ஆறு லிட்டர் இருந்த கேன் அது. பாவோ இரண்டு லிட்டரை, இன்னும் நிரப்பியிராத லாண்டர் டேங்கில் ஊற்றிவிட்டு, மிச்சத்தோடு எங்களிடம் ஓடிவந்தான்.

பிறகு அந்த ஆள் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். டேங்கைக் காலி செய்தான். பிளக்கைக் கழற்றி, பெட்ரோலை அடைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, என்னை இருபது தடவை உதைக்கச் சொன்னான். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் என் கால்சட்டைமேல் பீய்ச்சி அடித்தது. கடைசிப் பிளக்கை கேஸ் அடுப்புத் தீயில் காட்டிச் சிவக்கச் சுட்டு, கம்பி பிரஷால் தேய்த்தான். நான் அளந்து கலந்தேன். அப்பாவின் கை, ஆயில் குப்பி புடைத்திருந்த கோட்டுப் பைக்குள் போனது. வேர்லெ அதைப் பார்த்தாள். கை வெளியே வந்தது, வெறுமனே.

"யோரன்," என்று என்னைக் கூப்பிட்டாள். "ஒண்ணுக்கு நாலுங்கறது உன் கணக்குதானே?"

"என் கணக்குதான்."

அவள் பாவோவைப் பார்த்தாள். அவன் என் கணக்கை நம்பவில்லை என்பது பத்து நிமிடத்துக்கு முன்பு எல்லாரும் கேட்ட விஷயம்.

"ஓடும்," என்றான் பாவோ.

மூன்றாவது உதையில் அந்தக் கத்தல் திரும்ப வந்தது. கேட் மூடுவதற்கு ஒன்றரை நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

இருபது நிமிடமும் இரண்டு சுற்றும் என்பது பந்தயம். நான் வேலியோரம் நின்று பந்தயத்தைப் பார்க்கவில்லை, கேட்டேன். எஞ்சின் ஒட்டிக்கொள்ளப் போகிறதென்றால் முதலில் சத்தம் மெலிந்து மேலே ஏறும். ஒவ்வொரு தடவையும் அவள் பைன் மரங்களுக்குப் பின்னால் போகும்போது மூச்சை நிறுத்தினேன். வெளியே வரும்போது விட்டேன். அப்பா பக்கத்தில் நின்று வேலிக் கம்பியின் ஒரு திருகாணியைக் கையால் முறுக்கிக்கொண்டே இருந்தார். பாவோ இன்னும் இரு கூடாரங்களுக்கும் நடுவில்தான் நின்றான்.

சத்தம் மெலியவில்லை. வேர்லெ ஒன்பதாவதாகக் கிளம்பி ஐந்தாவதுவரை வந்தாள். லாண்டர் நான்காவது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே முப்பது மீட்டர். நாலு சுற்று அந்த முப்பது மீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. மணலில் அவன் வண்டி கனம், ஆனால் பலம். அவளுடையது இலேசு, ஆனால் கைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. கடைசிச் சுற்றுக்குக் கொடி காட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். நாலாவது, ஐந்தாவது. ஹெல்மெட்டை யார் வாங்குவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கடைசிக்கு முந்தின வளைவில் லாண்டர் வண்டி ஒருமுறை விக்கியது. அப்புறம் இன்னொருமுறை. அப்புறம் சத்தமே இல்லாமல் மணலில் உருண்டு போய் நின்றது. அவன் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் குலுக்கினான், டேங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசி மடக்குக்காக. இல்லை. வேர்லெ அவனைக் கடந்து போனாள்.

ஆழ மணலில் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் எவ்வளவு குடிக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதாவது, நான் போடவில்லை. என்னிடம் கேட்கப்பட்ட கணக்கு எங்கள் டேங்குக்கு மட்டும்.

கிளப்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்றாவது இடத்துக்கு நேரே வேர்லெயின் பெயரை எழுதினார். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தும் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். முகமெல்லாம் மணல், பல் மட்டும் வெள்ளை. திரும்பி வந்து பாவோவின் தோளில் ஒரு குத்து விட்டாள். காதலுமில்லை, மன்னிப்புமில்லை, மெக்கானிக்குக்குக் கொடுக்கிற குத்து. அவன் அதை வாங்கிக்கொண்டு, சைலன்சர் ஒட்டில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்விட்டான்.

அப்போது லுட்கார்ட் வந்தாள். போர்வை தோளில் இருந்தது, காலிக் கேன் கையில். கோபமாக இல்லை. நிதானமாக இருந்தாள்.

"எவ்வளவு எடுத்த?" என்று பாவோவைக் கேட்டாள்.

"நாலு, சித்தி. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே எடுத்தேன்."

"எங்களுக்கு ரெண்டு போதும்னு யாரு சொன்னா?"

பாவோவின் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போனது. லுட்கார்டும் அந்தப் பக்கமே திரும்பினாள்.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு உங்க வண்டி?"

"ஓடிச்சு," என்றேன்.

"பந்தயத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது பெட்ரோல் கெட்டுப் போச்சு. ஊர்ல அத்தன பேர் இருக்க, என் பையன் கேன்தான் கிடைச்சுது."

உண்மையைச் சொல்வதுதான் நல்லது என்று முடிவு செய்து, உண்மையைச் சொன்னேன். பாவோ ஒன்றரைக் கோப்பை ஊற்றினான், அது தெரியாமல் நான் ஒன்று, அது தெரியாமல் வேர்லெ ஒன்று, அது தெரியாமல் அப்பா ஒன்று. மூன்றரைக்கு, ஆறுக்கு, முட்டை வேகும்போது. வறுவல் காகிதத்தைப் பற்றியும் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லுட்கார்ட் முழுக்கக் கேட்டாள்.

"நாலு பேரு," என்றாள். "ஒரே கராஜ். ஒரே கேன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம."

"ஆமாம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா செருமினார். பாவோ சைலன்சரை விட்டு நிமிர்ந்து, ஐந்து மாதமாக நான் அவனைச் சந்தேகப்பட்டுப் பார்த்தேனே, அதே பார்வையில் என்னைப் பார்த்தான்.